மேனிங்கா, லக்கா? 2012-ல கோல்ட்ஸ் எடுத்த முடிவு

2009-ல நான் மாஸ்டர்ஸ் படிக்க இண்டியானா போனப்போ அமெரிக்கன் ஃபுட்பால் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது, ஹெல்மெட் போட்டுட்டு ஒருத்தர ஒருத்தர் முட்டிக்கிற ஆட்டம்னு மட்டும் நெனச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை காலையில பால் வாங்க கடைக்கு போனா, வண்டி தள்ளிட்டு வர்ற பாட்டியில இருந்து தோள்ல தூங்குற குழந்தை வரைக்கும் எல்லார் மேலயும் நீல ஜெர்ஸி, அதுல 18-ன்னு நம்பர். யாருடா இந்த 18-ன்னு ரூம்மேட்ட கேட்டேன், அவன் பதில் சொல்லாம டிவி முன்னாடி உக்கார வச்சுட்டான். அன்னைக்கு புடிச்ச பைத்தியம் இன்னும் போகல.

அந்த 18 பேய்ட்டன் மேனிங், இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் டீமோட க்வாட்டர்பேக், அதாவது பந்த வாங்கி எறிஞ்சு ஆட்டத்த நடத்தற ஆள். அவர 2012 மார்ச் 7-ந்தேதி அந்த டீமே அனுப்பிவிட்டுச்சு, அடுத்த மாசம் டிராஃப்ட்ல (மோசமா ஆடின டீமுக்கு மொத சான்ஸ்னு, காலேஜ் பசங்கள டீம்கள் ரவுண்ட் ரவுண்டா தேர்ந்தெடுக்கற நிகழ்ச்சி) ஸ்டான்ஃபோர்ட் யூனிவர்சிட்டி பையன் ஆண்ட்ரூ லக்க எடுத்துச்சு. சரியா தப்பான்னு எங்க வாட்ஸாப் குரூப்ல இன்னமும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சண்டை வருது, மேனிங் போன இடத்துல கப் அடிச்சார், லக் 29 வயசுல ஆட்டத்தையே விட்டுட்டுப் போயிட்டார், அப்ப கோல்ட்ஸ் பண்ணது தப்புதானேன்னு முக்கால்வாசி பேர் சொல்வாங்க. எனக்கு அது சரின்னு படல. ஏன்னு கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

மொதல்ல மேனிங் என்ன மாதிரி ஆளுன்னு தெரியணும், இல்லன்னா மத்தது புரியாது. 1998 டிராஃப்ட்ல கோல்ட்ஸுக்கு மொத சான்ஸ், மேனிங்கா ரயன் லீஃபான்னு நாடே பட்டிமன்றம் நடத்துச்சு, ஜெனரல் மேனேஜர் பில் போலியன் மேனிங்க எடுத்தார். லீஃப் தன்னோட மொத்த கரியர்லயும் எறிஞ்சது 14 டச்டவுன் (எதிராளி எல்லைக்குள்ள பந்த சேர்க்கற பெரிய ஸ்கோர்), எதிராளி கையில குடுத்தது, அதாவது இன்டர்செப்ஷன், 36 பந்து. அதுக்காக மேனிங் மொத நாள்ல இருந்தே ஜொலிச்சார்னு நெனச்சுடாதீங்க, மொத சீசன்ல டீம் 16 மேட்ச்ல ஜெயிச்சது வெறும் 3, அவர் போட்ட இன்டர்செப்ஷன் 28, புதுசா வந்த ஆள்ல அதுதான் இன்னைக்கும் ரெக்கார்டு. அடுத்த வருஷமே அதே டீம் 13 மேட்ச் ஜெயிச்சுச்சு. அப்புறம் 2003-ல இருந்து 2009 வரைக்கும் ஏழு சீசன், ஒவ்வொண்ணுலயும் 12 மேட்சுக்கு குறையாம ஜெயிச்சாங்க, 2004-ல 49 டச்டவுன், 2007 பிப்ரவரியில மியாமி மழையில சிகாகோ பேர்ஸ 29-17-ன்னு அடிச்சு சூப்பர் பவுல், அதாவது லீகோட ஃபைனல் கப். கோல்ட்ஸ்ல இருந்தப்போவே நாலு தடவை லீகோட எம்விபி, அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரர்.

ஆனா ஸ்கோரவிட எனக்கு மனசுல நிக்கறது அவர் பந்து வாங்கறதுக்கு முன்னாடி செய்யற வேலை. எல்லாரும் வரிசையில நின்னப்புறம் அவர் மட்டும் அங்கயும் இங்கயும் நடப்பார், கைய ஆட்டுவார், எதிர் டீம்ல ஒருத்தன காட்டி என்னமோ கத்துவார், திரும்பி வந்து ஓடப்போற ஆள் காதுல சொல்வார், கடிகாரம் 3, 2-ன்னு இறங்கும், நமக்கு இங்க படபடன்னு அடிச்சுக்கும், கடைசி நொடியில பந்து அவர் கைக்கு வரும், வந்த வேகத்துல போயிடும். எதிராளி எங்க இருந்து பாயப்போறான்னு முன்னாடியே படிச்சுட்டு ஆட்டத்தையே அந்த இடத்துல மாத்திடுவார். அதனால அவர தொட முடியாது. க்வாட்டர்பேக் பந்த எறியறதுக்குள்ள அவர மடக்கி கீழ தள்ளினா அதுக்கு பேரு ஸாக், 2009 சீசன் முழுக்க மேனிங் வாங்கின ஸாக் வெறும் 10. இந்த 10-ங்கற நம்பர ஞாபகம் வச்சுக்கோங்க, இந்த வாதமே அதுலதான் இருக்கு.

2011-ல கழுத்து போச்சு. மே மாசம் ஒரு ஆபரேஷன், சரியாகல, செப்டம்பர்ல எலும்ப சேர்த்து வைக்கிற பெரிய ஆபரேஷன். பிரச்சனை கழுத்துலதான், ஆனா அடி வாங்கினது வலது கை, கழுத்துல நசுங்கின நரம்பு போய் சேர்ற ட்ரைசெப்ஸ் தசையில பலமே இல்ல, விரல் நுனியில உணர்ச்சி கம்மி. நரம்பு திரும்ப வளர்றது நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கு, அவசரப்படுத்த யாராலயும் முடியாது. அந்த வருஷம் ஓனர்களுக்கும் ப்ளேயர்களுக்கும் ஒப்பந்தத் தகராறுல லாக்அவுட் நடந்ததால டீம் மைதானத்துக்கே போகக்கூடாதுன்னு நிலைமை, அதனால டென்வர்ல பேஸ்பால் ஆடிட்டு இருந்த காலேஜ் சிநேகிதன் டாட் ஹெல்ட்டன்கிட்ட போய் மறைவா எறிஞ்சு பார்த்தார். மொத பந்து பாதி தூரம்கூட போகாம தரையில விழுந்துச்சு, ஹெல்ட்டன் இவர் விளையாட்டுக்கு பண்றார்னு நெனச்சு சிரிச்சார். விளையாட்டு இல்ல. அவ்ளோ பெரிய கை, கொஞ்ச தூரத்துல இருக்கிற சிநேகிதனுக்கு ஒரு பந்து போட முடியல. இத படிச்சப்போ நான் ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

அவர் இல்லாத கோல்ட்ஸ் எப்படி ஆச்சுன்னா, 2010-ல 10 மேட்ச் ஜெயிச்ச டீம் 2011-ல வரிசையா 13 தோத்துச்சு. அக்டோபர்ல நியூ ஆர்லியன்ஸ் செய்ன்ட்ஸ்கூட ஒரு ராத்திரி மேட்ச், 62-7. எங்க அபார்ட்மெண்ட்ல பத்து பேர் பார்க்க ஆரம்பிச்சோம், பாதியில அஞ்சு பேர் எழுந்து போயிட்டாங்க, கடைசியில நானும் ரூம்மேட்டும் மட்டும். சீசன் முடிவுல 2 ஜெயம், 14 தோல்வி. கடைசி மேட்ச ஜாக்சன்வில்கிட்ட தோத்ததாலதான் டிராஃப்ட்ல மொத இடமே கையில நின்னுச்சு, அத ஜெயிச்சிருந்தா அதே 2-14-ல இருந்த செய்ன்ட் லூயிஸ் ராம்ஸுக்கு போயிருக்கும், இந்த கதையே கிடையாது.

இன்னொண்ணும் சொல்லணும், அந்த வருஷ சூப்பர் பவுல் நடந்ததே இண்டியானாபோலிஸ்ல, மேனிங் ஆடின அதே மைதானத்துல, அங்க கப்ப தூக்கினது அவரோட தம்பி ஈலை மேனிங். அண்ணன் வேலை போகப்போறது ஊருக்கே அரசல் புரசலா தெரியும், தம்பி அண்ணன் வீட்டு முற்றத்துல நின்னு ஜெயிக்கிறார். ஒரு மாசம் கழிச்சு மார்ச் 7.

இப்ப, அன்னைக்கு ஓனரா இருந்த ஜிம் எர்சே இடத்துல நம்மள வச்சு பார்ப்போம். மார்ச் 8-க்குள்ள மேனிங்குக்கு 2 கோடியே 80 லட்சம் டாலர் போனஸ் குடுத்தாகணும், இல்ல விட்டுடணும். வயசு 36 ஆகப்போகுது, கை திரும்புமான்னு டாக்டராலயும் அடிச்சு சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், இருபது வருஷத்துக்கு ஒருத்தர்னு எல்லாரும் பேசற லக் கைக்கெட்டின தூரத்துல. போலியனையும் கோச்சையும் ஏற்கனவே அனுப்பியாச்சு, ரயன் க்ரிக்ஸன்னு புது மேனேஜர், சக் பகானோன்னு புது கோச்.

ஒரு வழி, மேனிங்க வச்சுக்கிட்டு லக்க எடுக்கற உரிமைய வித்துடறது. இது கேக்கறதுக்கு நல்லா இருக்கும், சும்மா சொல்லல, விலை என்னன்னு நமக்கு தெரியும். அதே டிராஃப்ட்ல ரெண்டாவது இடத்துக்கே வாஷிங்டன் டீம் ராம்ஸுக்கு மூணு வருஷத்து மொத ரவுண்ட் சான்ஸையும் ஒரு ரெண்டாவது ரவுண்டையும் தூக்கி குடுத்துச்சு. மொத இடத்துக்கு அதவிட கூடத்தான் கிடைச்சிருக்கும். அத வச்சு நாலு நல்ல ஆள எடுத்து மேனிங்க சுத்தி நிறுத்தினா என்னன்னு தோணும்ல. ஆனா அந்த நாலு பேர் தேறி வர ரெண்டு மூணு வருஷம் ஆகும், மேனிங்குக்கு இருக்கிறதே ரெண்டு மூணு வருஷம்தான். டீமும் பழசாயிடுச்சு, அவர அனுப்பின ரெண்டே நாள்ல டல்லஸ் க்ளார்க், ஜோசஃப் அடாய், கேரி ப்ராக்கெட்னு பழைய ஆளுங்கள வரிசையா விட்டாங்க, பல வருஷமா அவருக்கு பந்த எடுத்து குடுத்த ஜெஃப் சாட்டர்டே க்ரீன் பே பக்கம் போயிட்டார். இந்த வழிய எடுத்திருந்தா கை சரியாகாத ஒரு 36 வயசு மனுஷன இடிஞ்சுபோன வீட்டுக்குள்ள உக்கார வச்ச மாதிரி இருந்திருக்கும். அதுவும் கை சரியாகும்னு நம்பி போடற பந்தயம், சரியாகலன்னா மேனிங்கும் இல்ல லக்கும் இல்ல.

ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டா என்னன்னும் அப்ப நிறைய பேர் கேட்டாங்க. க்ரீன் பே-ல ப்ரெட் ஃபார்வுக்கு பின்னாடி ஆரன் ராட்ஜர்ஸ் மூணு வருஷம் பெஞ்சுல உக்காந்து பாடம் படிச்சுட்டு வந்தார்ல, அந்த மாதிரி. நியாயமான கேள்விதான், ஆனா ராட்ஜர்ஸ் 24-வது ஆளா வந்தவர், 2005-ல. 2011-ல லீகும் ப்ளேயர் சங்கமும் போட்ட புது ஒப்பந்தம் கணக்கையே மாத்திடுச்சு. 2010-ல மொத ஆளா வந்த சாம் ப்ராட்ஃபோர்டுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் காண்ட்ராக்ட், ரெண்டு வருஷம் கழிச்சு அதே மொத இடத்துல வந்த லக்குக்கு நாலு வருஷத்துக்கும் சேர்த்து சுமார் 2 கோடியே 20 லட்சம்தான். அதாவது மேனிங்குக்கு ஒரே நாள்ல குடுக்கவேண்டிய போனஸவிட கம்மி! நல்ல க்வாட்டர்பேக் இவ்ளோ மலிவா கிடைக்கிற அந்த நாலு வருஷந்தான் ஒரு டீமுக்கு தங்கம், மிச்ச காச வச்சு மத்த இடத்தயெல்லாம் பலப்படுத்தலாம். அத பெஞ்சுல உக்கார வச்சு கழிக்கறது வீண். சியாட்டில் அத எப்படி பண்ணணும்னு செஞ்சே காட்டுச்சு, அதே 2012 டிராஃப்ட்ல மூணாவது ரவுண்டுல ரஸல் வில்ஸன எடுத்து அவர் சம்பளம் சொற்பமா இருந்தப்போவே பயங்கரமான டிஃபென்ஸ் வச்சுக்கிட்டு 2014 பிப்ரவரியில சூப்பர் பவுல் ஜெயிச்சாங்க. யார தோக்கடிச்சு? மேனிங்கோட டென்வர, 43-8.

ஆக மிச்சம் இருக்கிறது அவங்க எடுத்த வழிதான், மேனிங்க விட்டுட்டு லக்க எடுக்கறது. மார்ச் 7 ப்ரெஸ் மீட்ட நான் லேப்டாப்ல பார்த்தேன், எர்சேயும் மேனிங்கும் பக்கத்து பக்கத்துல நிக்கறாங்க, மேனிங்குக்கு குரல் உடையுது. ஊர்ல குழந்தைங்க ஆஸ்பத்திரியே அவர் பேர்ல இருக்கு. ரூம்மேட் பாதியில எழுந்து வெளிய போய் படிக்கட்டுல உக்காந்துட்டான். மனசு கேக்கல, ஆனா கணக்கு சரி.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். டென்வர், டென்னஸி, சான் ஃப்ரான்சிஸ்கோன்னு மூணு டீம் கடைசி வரைக்கும் வந்தாங்க. அந்த நேரத்துல மூணுல பலமான டீம் சான் ஃப்ரான்சிஸ்கோதான், முந்தின சீசன்ல 13 மேட்ச் ஜெயிச்சவங்க, டென்னஸியில அவர் காலேஜ் நாள்ல இருந்தே சாமி மாதிரி. அவர் போனது டென்வருக்கு, அங்க மேனேஜ்மெண்ட் நடத்தினது ஜான் எல்வே, தானே 38 வயசு வரைக்கும் ஆடி கடைசி ரெண்டு வருஷமும் சூப்பர் பவுல் ஜெயிச்சுட்டு நிறுத்தின க்வாட்டர்பேக். வயசான கை என்ன கேக்கும்னு தெரிஞ்ச ஒரு ஆள்கிட்ட போனது எனக்கு இப்பவும் சரியா படுது. மூணு சீசன்ல 131 டச்டவுன், அதுல 2013-ல மட்டும் 55, இன்னைக்கும் யாரும் தாண்டல.

இதப் பார்த்துட்டுதான் எல்லாரும் கோல்ட்ஸ திட்டறாங்க. ஆனா டென்வர்ல அவருக்காக டிமேரியஸ் தாமஸ் இருந்தார், எரிக் டெக்கர் இருந்தார், டிஃபென்ஸ்ல வான் மில்லர் இருந்தார், 2012 கோல்ட்ஸ்ல அந்த மாதிரி எத்தன பேர்? அந்த 55-அ அப்படியே தூக்கி இண்டியானாபோலிஸ்ல வச்சு பார்க்க முடியாது. 2016 பிப்ரவரி கப்பும் அப்படித்தான். அந்த சீசன்ல மேனிங் எறிஞ்சது 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். நவம்பர் 15, கேன்ஸஸ் சிட்டிகூட மேட்ச், அன்னைக்குதான் லீக் வரலாத்துலயே அதிக கஜம் எறிஞ்ச ஆளா ஃபார்வ தாண்டினார், ஆட்டத்த நிறுத்தி கை தட்டினாங்க, அதே மேட்ச்ல 20 பந்து எறிஞ்சு 5 மட்டும் போய் சேர்ந்துச்சு, 35 கஜம், 4 இன்டர்செப்ஷன், ரேட்டிங் பூஜ்யம், வெளிய உக்கார வச்சுட்டாங்க. ஏறினதும் இறங்கினதும் ஒரே சாயங்காலத்துல. பாதத்துல தசைநார் கிழிஞ்சிருந்துச்சு, கை எப்பவோ போயிடுச்சு. கப்ப ஜெயிச்சு குடுத்தது டிஃபென்ஸ், சூப்பர் பவுல் எம்விபி வான் மில்லர். மேனிங் அத மறைக்கல, தன்னால முடிஞ்சத செஞ்சார், 2016 மார்ச் 7 அன்னைக்கு ரிட்டையர்மெண்ட் சொன்னார். கோல்ட்ஸ் அனுப்பின அதே தேதி, நாலு வருஷம் கழிச்சு.

சரி, லக் பக்கம் வருவோம், எனக்கு வயித்தெரிச்சல் இங்கதான்.

லக் ஏமாத்தல. வந்த மொத மூணு சீசன், மூணுலயும் 11 ஜெயம், 2014-ல 40 டச்டவுன், 2014 ஜனவரியில கேன்ஸஸ் சிட்டிகிட்ட 38-10-ன்னு பின்னாடி இருந்து 45-44-ன்னு ஜெயிச்ச ப்ளேஆஃப் (நாக்அவுட்) மேட்ச் இன்னும் கண்ணுல நிக்குது. அடுத்த ஜனவரியில டென்வருக்கே போய் மேனிங்கயே 24-13-ன்னு வீட்டுக்கு அனுப்பினார். ஆளுக்கு ஆள் வச்சு பார்த்தா கோல்ட்ஸ் எடுத்தது கிட்டத்தட்ட சமமான ஆள்தான்.

ஆனா மொத சீசன்ல லக் வாங்கின ஸாக் 41. மேனிங்கோட 10 ஞாபகம் இருக்கா? இதத்தான் க்ரிக்ஸன் பார்க்கலன்னு நான் சொல்றேன். கோல்ட்ஸோட லைன், அதாவது க்வாட்டர்பேக்குக்கு முன்னாடி அரணா நிக்கிற அஞ்சு பேர், பல வருஷமாவே பிரமாதம் கிடையாது, மேனிங் சீக்கிரம் படிச்சு சீக்கிரம் எறிஞ்சதால அந்த ஓட்டை வெளிய தெரியல. அவர் போனப்போ ஒரு கை மட்டும் போகல, அந்த அரணே அவர்கூட போயிடுச்சு. புதுசா வந்த பையனோ 22 வயசு, நீள பாஸுக்காக பந்த பிடிச்சுட்டு நிக்கச் சொல்ற ஆட்டம், தைரியசாலி வேற, அடி வாங்கிட்டு எழுந்து அடிச்சவனையே 'நல்ல அடி'ன்னு பாராட்டற குணம்.

அப்ப லக்கோட மலிவு சம்பளத்துல மிச்சமான காசும் டிராஃப்ட் சான்ஸும் எங்க போயிருக்கணும்? லைனுக்கு. எங்க போச்சு? 2013 மொத ரவுண்ட் பியோர்ன் வெர்னர், டிஃபென்ஸ் ஆள், மூணு வருஷத்துல அனுப்பிட்டாங்க. 2014 மொத ரவுண்ட க்ளீவ்லேண்டுக்கு குடுத்து ட்ரெண்ட் ரிச்சர்ட்ஸன்ங்கற ஓட்டக்காரர வாங்கினாங்க, தடவைக்கு சராசரி 3.1 கஜம். 2015-ல ஃபிலிப் டார்ஸெட், பந்து பிடிக்கிறவர், அந்த இடத்துல ஏற்கனவே ஆள் இருந்தாங்க. மொத ரவுண்டுல லைனுக்குன்னு ஒரு ஆள் வந்தது 2016-ல, ரயன் கெல்லி. அதுக்குள்ள லக்கோட தோள் கிழிஞ்சு போச்சு, 2015-ல டென்வர்கூட ஆடினப்போ சிறுநீரகத்துல காயம், அந்த வலது தோளோடயே 2016-ல 15 மேட்ச் ஆடி 31 டச்டவுன் போட்டார், 2017 ஜனவரியில ஆபரேஷன், அந்த வருஷம் பூரா ஆடல, நெதர்லாந்து வரைக்கும் போய் தோள சரிபண்ணிக்கிட்டு வந்தார்.

2018-ல திரும்பி வந்து 39 டச்டவுன். அடுத்த வருஷம் கெண்டைக்கால், கணுக்கால்னு வலி விடல. அவர் முன்னாடியும் ரெண்டு வழி இருந்துச்சு, மறுபடி ஊசி, பயிற்சி, வலி, ஆட்டம், மறுபடி காயம்னு அதே சுத்து, இல்ல நிறுத்தறது. 2019 ஆகஸ்ட் 24, ஒரு ப்ராக்டிஸ் மேட்ச் நடந்துட்டு இருக்கும்போதே செய்தி வெளிய கசிஞ்சுடுச்சு, அவர் மைதானத்த விட்டு நடந்து போறப்போ சொந்த ரசிகர்களே கத்தி கேவலப்படுத்தினாங்க. அப்ப நான் சென்னை திரும்பிட்டேன், ஞாயித்துக்கிழமை காலையில போன்ல அந்த வீடியோ வந்துச்சு. பெருங்கோபம் வந்துச்சு எனக்கு. ஆறு சீசன்ல 174 தடவை கீழ தள்ளி மிதிபட்ட மனுஷன், இனிமே என்னால முடியலன்னு சொல்ல அவருக்கு உரிமை இல்லயா? மேனிங் 39 வயசுலயும் கிழிஞ்ச காலோட ஆடினாரே, இவன் ஏன் ஓடறான்னு எங்க குரூப்லயே ஒருத்தன் போட்டான். ரெண்டும் ஒண்ணு இல்ல. மேனிங்குக்கு கடைசி படி கண்ணுல தெரிஞ்சுது, ஒரு சீசன் பல்ல கடிச்சா போதும். 29 வயசு லக்குக்கு அந்த சுத்துக்கு முடிவே தெரியல.

அவர் போனப்புறம் 2023 வரைக்கும் கோல்ட்ஸ் ஒவ்வொரு சீசனையும் ஒரு புது ஆள வச்சு ஆரம்பிச்சாங்க, ப்ரிஸெட், ஃபிலிப் ரிவர்ஸ், கார்ஸன் வென்ட்ஸ், மாட் ரயன், ஆண்டனி ரிச்சர்ட்ஸன். அத பார்த்துட்டு இன்னைக்கு மறுபடி கேட்டாலும் 2012 மார்ச்ல நான் லக் பக்கம்தான் கை தூக்குவேன், அன்னைக்கு தெரிஞ்சத வச்சு பார்த்தா அதவிட நல்ல வழி இல்ல. ஆனா அதே கையோட அடுத்த மூணு வருஷத்து மொத ரவுண்டையும் லைனுக்குன்னு எழுதி ஓனர் மேசையில ஒட்டி வச்சிருப்பேன்.

கோல்ட்ஸ் அத செஞ்சாங்க, செய்யாம இல்ல. புது மேனேஜர் வந்து 2018 டிராஃப்ட்ல ஆறாவது ஆளா க்வென்ட்டன் நெல்ஸன்னு ஒரு கார்டு (லைன்ல நிக்கற ஆள்), அடுத்த ரவுண்டுல ப்ரேடன் ஸ்மித், ரெண்டு பேரும் லைன்ல வந்து நின்னாங்க. அந்த சீசன் 16 மேட்ச்லயும் சேர்த்து லக் வாங்கின ஸாக் 18. அந்த லைனுக்கு பின்னாடி அவர் ஆடினது அந்த ஒரே ஒரு சீசன்.